கேட்பதற்கு வெட்கம் வேண்டாம்: மாதவிடாய் நிறைவும் நம் கடற்கரையின் மூலிகை மரபும்

 

மாதவிடாய் நின்றுபோன பெண்களின் நிலை, ஒரு கேள்வியின் வழியாகவே நம் மார்க்க வரலாற்றில் பதிவாயிற்று. தலாக் சொல்லப்பட்ட பெண்களின் இத்தாவும் கணவனை இழந்த பெண்களின் இத்தாவும் அல்பகரா அத்தியாயத்தில் விளக்கப்பட்ட பின்னர், அவ்விரண்டிலும் அடங்காத பெண்களின் நிலை என்ன என்று உபை இப்னு கஅப் (ரழி) அவர்கள் வினவியதாகத் தஃப்சீர் நூல்கள் கூறுகின்றன. அதற்கு விடையாக அத்தலாக் அத்தியாயத்தின் 4ஆம் வசனம் இறங்கியது. மாதவிடாய் நின்றுவிட்ட பெண்களின் இத்தா மூன்று மாதங்கள் என்று அது தெளிவுபடுத்தியது. அவ்வசனத்தில் வரும் சொல்லிலிருந்தே ஃபிக்ஹு அறிஞர்கள் அப்பெண்ணுக்கு ‘ஆயிஸா’ என்றும், அவ்வயதுக்கு ‘ஸின்னுல் யஃஸ்’ என்றும் பெயரிட்டனர். இன்றும் யூனானி மருத்துவர்கள் மெனோபாஸைக் குறிக்க ‘சின்னே யாஸ்’ என்ற அதே சொல்லையே ஆளுகின்றனர்.

வெட்கம் தங்களைத் தடுத்துவிடாமல் மார்க்கத்தைக் கேட்டறிந்தவர்கள் என்று அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் புகழ்ந்ததை நாம் அறிவோம். மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளம் கடற்கரையில் தமீமுல் அன்சாரி (ரழி) அவர்கள் அடங்கியிருப்பதாக நம் மக்கள் தலைமுறைகளாக நம்பி வருகின்றனர். அன்சாரிகளின் பெயரை இவ்வளவு நேசிக்கும் இந்தக் கரையில், அன்சாரிப் பெண்களின் அந்தப் பழக்கம் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது.

எமது மத்ரஸாவின் பெண்கள் வகுப்பில் பெயர் எழுதாத துண்டுச் சீட்டுகளில் கேள்விகள் வருவதுண்டு. நாற்பத்தைந்தைத் தாண்டிய தாய்மார்களிடமிருந்து வருபவை ஏறக்குறைய ஒரே வகையானவை. திடீரென உடம்பில் சூடு ஏறி வேர்த்துக் கொட்டுகிறது, இரவில் தூக்கம் இல்லை, காரணமின்றிக் கோபம் வருகிறது, வாட்ஸ்அப்பில் வந்த மூலிகை மருந்தை வாங்கலாமா என்பவை அவை. சில சீட்டுகளில் இன்னொரு கேள்வியும் இருக்கும். இரண்டு ஆண்டுகளாக நின்றிருந்த உதிரம் மீண்டும் வந்திருக்கிறது, தொழலாமா கூடாதா என்பது அது. இவ்விரு கேள்விகளுக்கும் நம் மரபு என்ன விடை தருகிறது என்பதை வரலாற்றின் வழியே பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்த வயது?

ஹனஃபி மத்ஹபில் ஃபத்வா வழங்கப்படும் வயது 55. ஷாஃபிஈ மத்ஹபில் பிரபலமான கருத்து 62. இவை சந்திர ஆண்டுகள். சூரியக் கணக்கில் முறையே 53, 60 என்ற அளவில் வரும். செங்கல்பட்டுப் பகுதியில் இவ்விரு மத்ஹபினரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்வதால் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது. ஆனால் இவ்வயதுகள் சராசரியைக் குறிப்பவை அல்ல. இத்தா போன்ற சட்டங்களில் உறுதியாகத் தீர்ப்பளிக்க வகுக்கப்பட்ட உச்ச எல்லைகள் இவை. நடைமுறையில் இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46 அல்லது 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேற்கு நாடுகளில் அது 51. ஆகவே நாற்பத்தைந்திலேயே மாற்றம் தொடங்கிவிட்டதே என்று எந்தச் சகோதரியும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாற்பது வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

ஷாஃபிஈ அறிஞர்கள் இதில் ஒரு நுட்பமான விவாதம் செய்துள்ளனர். ஒரு பெண்ணின் நிலையைத் தீர்மானிக்க உலகப் பெண்கள் அனைவரின் வழக்கத்தையும் பார்ப்பதா, அவளுடைய உறவுப் பெண்களின் வழக்கத்தைப் பார்ப்பதா என்பது அது. தாய்க்கு எந்த வயதில் நின்றதோ, மகளுக்கும் ஏறத்தாழ அதை ஒட்டியே நிற்கும் வாய்ப்பு அதிகம் என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது. உம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. நம் வீடுகளில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

‘யஃஸ்’ என்ற சொல்லுக்கு நம்பிக்கையற்றுப் போதல் என்பது பொருள். இதைக் கேட்டு மனம் நோகும் சகோதரிகள் உண்டு. அங்கே நம்பிக்கை அற்றுப்போவது மாதவிடாய் மீண்டும் வரும் என்பதில் மட்டுமே. யூசுஃப் அத்தியாயத்தில் யஃகூப் (அலை) அவர்கள் தம் மக்களிடம் அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று கூறுமிடத்திலும் இதே வேர்ச்சொல்தான் வருகிறது. உடலின் ஒரு கடமை முடிந்ததைச் சொல்லும் சொல்லை வாழ்வு முடிந்ததாகப் பொருள்கொள்வது தவறு.

மருந்தைச் சோதித்த மரபு

அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய நிவாரணமின்றி இறக்கவில்லை என்ற கருத்துடைய நபிமொழி புகாரியில் இடம்பெற்றுள்ளது. முஸ்லிம் மருத்துவர்கள் இதை, நிவாரணத்தைத் தேடிச் செல்லுமாறு இட்ட கட்டளையாகவே எடுத்துக்கொண்டனர். இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலின் இரண்டாம் பாகத்தில், ஒரு மருந்தின் குணத்தை அனுபவத்தால் அறிவதற்கு ஏழு நிபந்தனைகளை வகுத்தார். மருந்து கலப்படமற்றதாக இருக்க வேண்டும். ஒரே சமயத்தில் பல நோய்கள் பின்னியிராத நிலையில் சோதிக்க வேண்டும். ஒருமுறை பலித்ததை வைத்து முடிவு செய்யாமல், எப்போதும் அல்லது பெரும்பாலும் அதே பலன் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோதனை மனித உடலிலேயே நடக்க வேண்டும். சிங்கத்துக்கோ குதிரைக்கோ பலித்தது மனிதருக்குப் பலிக்காமல் போகலாம் என்றும் அவர் எச்சரித்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்நிபந்தனைகளை இன்று வீட்டு வாசலுக்கு வரும் எத்தனை மருந்துப் புட்டிகள் நிறைவேற்றும்?

கருஞ்சீரகத்தையே எடுத்துக்கொள்வோம். மரணத்தைத் தவிர அனைத்துக்கும் அதில் நிவாரணம் உண்டு என்ற ஸஹீஹான நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். ஹதீஸ் விரிவுரையாளர் கத்தாபி (ரஹ்) போன்றோர், சொல் பொதுவாக இருப்பினும் கருத்து குறிப்பானது என்றும், குளிர்ச்சியாலும் ஈரத்தாலும் வரும் நோய்களையே அது குறிக்கிறது என்றும் விளக்கினர். யூனானி கணிப்பில் கருஞ்சீரகம் சூடும் வறட்சியும் உடையது. நம் பாட்டிமார்களும் அதைச் சூடு என்றே சொல்வார்கள். உடல் கொதித்து வேர்க்கும் ஒரு பெண்ணுக்கு, பழைய ஹகீம் யோசிக்காமல் அதை எடுத்துக் கொடுத்திருக்க மாட்டார். நபிமொழியை மறுப்பதாக இதற்குப் பொருளில்லை. அதை விளங்கிக்கொண்ட நம் முன்னோரின் முறை இதுவே.

செங்கல்பட்டுக் கோட்டையிலிருந்து திருவல்லிக்கேணி வரை

1752இல் கோவளத்தையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் கிளைவின் படை கைப்பற்றியது. 1763இல் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா, செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். 1788இல் கம்பெனியின் பணியில் சேர்ந்து இந்தியா வந்த ஒயிட்லா ஐன்ஸ்லி என்ற இளம் மருத்துவர், இதே செங்கல்பட்டுக் கோட்டையில் படைமருத்துவராகத் தம் வாழ்க்கையைத் தொடங்கினார். தமிழ் வைத்தியர்களும் முஸ்லிம் ஹகீம்களும் பயன்படுத்திய மருந்துகளைத் தொகுத்து 1813இல் சென்னையில் அவர் நூலாக வெளியிட்டார். அதை விரிவாக்கி 1826இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சரக்குக்கும் தமிழ், தக்னி, அரபு, பாரசீகம், தெலுங்கு, சமஸ்கிருதம் எனப் பல மொழிப் பெயர்களைத் தேடித் தந்தார்.

அன்றைய கடைத்தெருவின் நிலை அது. நமக்கு வெந்தயமாக இருப்பது தக்னி பேசும் வீட்டில் மேத்தி, கிதாபில் ஹுல்பா. பெருஞ்சீரகம் அங்கே சோன்ஃப், கிதாபில் ராஸியானஜ். கருஞ்சீரகம் அங்கே கலோஞ்சி, கிதாபில் ஷூனீஸ். பெயர்கள் பலவாக இருக்கும்போது பொருள் மாறிப்போகும் ஆபத்தும் இருக்கும். ஒரே பெயரில் இரு வேறு வேர்கள் விற்கப்படலாம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பெரிதும் உழைத்தவர் ஒரு முஸ்லிம் மருத்துவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றிய கான் பகதூர் முஹையத்தீன் ஷரீஃப், இந்திய மருந்தியல் நூலுக்கு 1869இல் ஒரு துணைநூல் எழுதினார். கடைகளில் கிடைக்கும் சரக்குகளையும் அவற்றின் பல மொழிப் பெயர்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது எந்தச் செடி என்று உறுதிப்படுத்துவதே அதன் முக்கியப் பணி. சென்னை மருந்துப் பொருள்கள் குறித்த அவருடைய பெருநூல், அவர் மறைவுக்குப் பின் 1891இல் வெளிவந்தது.

1921இல் சென்னை மாகாண அரசு, நாட்டு மருத்துவ முறைகளை ஆராயச் சர் முஹம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகிய மூன்றையும் ஆராய்ந்த அக்குழுவின் அறிக்கை 1923இல் வெளிவந்தது. அதன் பயனாகவே 1920களின் நடுவில் சென்னையில் அரசின் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. நாட்டு மருத்துவத்துக்கும் பாடத்திட்டம் வேண்டும், தேர்வு வேண்டும், தகுதிச் சான்று வேண்டும் என்ற எண்ணம் நம்மவர் தலைமையிலேயே உறுதிப்பட்டது.

எனினும் இந்நூல்களிலும் அறிக்கைகளிலும் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் இருந்த அறையின் கதவு ஆண் மருத்துவருக்கு எளிதில் திறந்ததில்லை. பிரசவத்தில் பெண்கள் உரிய மருத்துவமின்றி மடிவதைக் கண்டு மனம் வருந்திய மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். அவர் முயற்சியால் 1885இல், கோஷாப் பெண்களுக்கென்றே சென்னையில் ஒரு மருத்துவமனை எழுந்தது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபாய் காந்தி மருத்துவமனையாக இருப்பது அதுதான். கோஷா மருத்துவமனை என்றே நம் பெரியவர்கள் அதை அழைத்து வந்தனர். திரைக்குள் இருந்த நம் மூதாட்டிகள் முதன்முறையாக ஒரு பெண் மருத்துவரிடம் தம் உடலைப் பற்றி வாய்திறந்து பேச அது வழிசெய்தது. வேரும் இலையும் எவ்வளவு இருந்தும், கேட்க ஒருவர் இல்லாததே அதுவரை பெரிய குறையாக இருந்தது.

தண்டரையின் இருளர் பெண்கள்

செங்கல்பட்டு மாவட்டத்தின் மூலிகை அறிவை இன்று பேசுகிறவர்கள் இருளர் பெண்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. பாம்பு பிடிப்பதும் காட்டுப் பொருள் சேகரிப்பதும் இருளரின் பழந்தொழில்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து பாம்புத்தோல் வணிகத்துக்கு வந்த தடையும் அவர்கள் பிழைப்பை முடக்கின. 1978இல் உருவான பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரம் சாலையிலுள்ள வடநெம்மேலியில் பாம்பு நஞ்சு எடுத்து, நச்சுமுறி மருந்து தயாரிப்போருக்கு வழங்கத் தொடங்கியது. பெண்களுக்கோ வேறொரு செல்வம் இருந்தது. இலையையும் வேரையும் கண்டு பிரித்தறியும் அறிவு அது. 1986இல் தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் தோன்றியது. மூலிகை நாற்றங்கால் வைத்து, செடிகளை வளர்த்து, மருந்துகள் தயாரிக்கும் பணியில் அப்பெண்கள் ஈடுபட்டனர்.

இங்கே நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. தண்ணீர்விட்டான் கிழங்கையும் நன்னாரி வேரையும் தம் கையால் தோண்டியெடுத்த பெண்ணுக்கு, அது எந்தச் செடி, எந்தப் பருவத்தில் எடுத்தது, எவ்வளவு கொடுக்கலாம் என்பது தெரியும். பெயரற்ற பொடியை அழகிய உறையில் அடைத்து, இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது என்று விற்பவரிடம் இவற்றில் ஒன்றைக் கேட்டாலும் விடை வராது. அவர் பழைமையின் பெயரைச் சொல்லலாம். பழைமையின் அறிவு அவரிடம் இல்லை.

உலகம் கற்ற பாடம்

‘மெனோபாஸ்’ என்ற சொல்லே இரு நூற்றாண்டுப் பழைமைதான் உடையது. 1821இல் கார்டான் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை வழங்கினார். 1875இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லிடியா பிங்கம் என்ற பெண்மணி, பெண்களின் அனைத்துக் குறைகளுக்குமான மூலிகைக் கஷாயம் என்று ஒன்றை விற்கத் தொடங்கினார். பெரும் புகழ் பெற்ற அதில் ஏறத்தாழ 18 விழுக்காடு மது கலந்திருந்தது. குடித்த பெண்களுக்கு ஆறுதல் கிடைத்ததில் வியப்பென்ன? மூலிகை என்ற பெயரைக் கேட்டதும் உள்ளே இருப்பதைக் கேட்க மறந்துவிடக் கூடாது என்பதற்கு இது சான்று. நாமும் மருந்தின் உறையில் மது கலந்துள்ளதா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

1942இல் கருவுற்ற பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966இல் வெளியான ஒரு நூல், மாதவிடாய் நிற்பதே ஒரு குறைபாட்டு நோய் என்றும் வாழ்நாள் முழுதும் ஹார்மோன் வேண்டும் என்றும் பரப்புரை செய்தது. கோடிக்கணக்கான மாத்திரைகள் விற்றன. பின்னர் 16,608 பெண்களைக் கொண்டு அங்கு நடந்த ஒரு பெரிய ஆய்வு, 2002இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. கூட்டு ஹார்மோன் மாத்திரை உட்கொண்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டி ஆகியன சற்றே அதிகரித்திருந்தன. ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் மார்பகப் புற்றுநோய் எட்டு பேருக்குக் கூடுதலாக வந்தது என்பது அதன் கணக்கு. அச்செய்தியால் அஞ்சிய உலகப் பெண்கள் கூட்டமாக மூலிகைகளின் பக்கம் திரும்பினர். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும், அறுபதுக்குக் குறைந்த வயதில், மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்குபவர்களில் பலருக்கு ஹார்மோன் சிகிச்சையின் நன்மை தீமையைவிட மிகுதி என்பதும் பிற்பாடுதான் தெளிவாயின. குதிரைச் சிறுநீர் என்றதும் ஹலால் குறித்து ஐயம் எழும் சகோதரிகள் அறிய வேண்டியது, தாவரப் பொருளிலிருந்து ஆய்வகத்தில் செய்யப்படும் ஈஸ்ட்ரோஜன் மருந்துகளும் இன்று உண்டு. மருத்துவரிடம் கேட்டால் எழுதித் தருவார்.

மூலிகைகளின் பக்கம் கூட்டம் திரும்பியதும் ஆய்வாளர்கள் அவற்றையும் சோதித்தனர். அமெரிக்கப் பழங்குடியினரிடமிருந்து வந்த ‘பிளாக் கோஹாஷ்’ என்ற வேர், 351 பெண்களிடம் நடந்த ஆய்வில் வெறும் மாத்திரையைவிடக் கூடுதலாக எதையும் செய்யவில்லை என்று 2006இல் தெரிந்தது. அதை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்த செய்திகளும் உண்டு. ஆளிவிதை 188 பெண்களிடம் சோதிக்கப்பட்டு 2012இல் முடிவு வெளியானது. ஆளிவிதை உண்டவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு உடல்சூடு பாதியாகக் குறைந்தது. ஆளிவிதை இல்லாத பண்டம் உண்டவர்களிலும் அதே மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறைந்தது.

இந்த ஆளிவிதைக் கணக்கை ஊன்றிப் பார்க்க வேண்டுகிறோம். “எனக்குக் கேட்டது” என்று சொல்லும் அண்டைவீட்டுச் சகோதரி பொய் சொல்லவில்லை. மருந்து உட்கொள்கிறோம் என்ற மனத்தெம்பே சிலருக்கு ஆறுதல் தருகிறது. மேலும் இத்தொல்லை காலப்போக்கில் தானே தணியக்கூடியது. பலருக்கு அது ஏழு ஆண்டுகள் வரை நீடிப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. தணியும் வேளையில் எதைக் குடித்துக்கொண்டிருந்தோமோ, அதற்கே பெருமை போய்ச் சேர்கிறது. ஒருமுறை பலித்ததை வைத்து முடிவு செய்யாதீர் என்று இப்னு சீனா சொன்னதன் பொருள் இதுதான்.

நம்பிக்கை தரும் செய்திகளும் இல்லாமல் இல்லை. நம் வீட்டுப் பெருஞ்சீரகம், 2017இல் தெஹ்ரானில் வெளியான ஒரு சிறிய ஆய்வில் ஓரளவு பலன் தந்தது. அமுக்கரா கிழங்கு, இந்தியாவில் சுமார் 100 பெண்களிடம் எட்டு வாரம் சோதிக்கப்பட்டு, பலன் தந்ததாக 2021இல் ஆய்வு வந்தது. சோயாவைப் பற்றிய முடிவுகள் கலந்தே உள்ளன. இவை சிறிய, குறுகிய கால ஆய்வுகள். உறுதியாகச் சொல்ல இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும். 2023இல் வட அமெரிக்காவின் மெனோபாஸ் மருத்துவ வல்லுநர் சங்கம் ஆதாரங்களையெல்லாம் சீர்தூக்கி, உடல்சூட்டுக்கு மூலிகை மாத்திரைகளைப் பரிந்துரைக்கவில்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் மனநல ஆலோசனை முறைக்கு ஆதாரம் உண்டு என்று அது ஏற்றுக்கொண்டது.

வீட்டில் செய்யத்தக்கவை

சமையலறை அளவில் வெந்தயமும் பெருஞ்சீரகமும் நன்னாரியும் தாராளமாகப் பயன்படுத்தலாம். சோம்புத் தண்ணீர் குடித்து உறங்கப் போவது மனத்துக்கு இதமானால் அதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கும். நீரிழிவு மாத்திரை உண்பவர்கள் அதை மருந்துபோல மிகுதியாக உண்ணும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நன்னாரி சர்பத்தில் சர்க்கரை அதிகம் என்பதும் நினைவிருக்கட்டும். அமுக்கரா, தைராய்டு உள்ளவர்களுக்கும் கல்லீரல் பலவீனம் உள்ளவர்களுக்கும் தன்னிச்சையாக உண்ணத்தக்கது அன்று. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் சோயா மாத்திரை, தண்ணீர்விட்டான் கிழங்கு போன்றவற்றை மருத்துவர் அனுமதியின்றித் தொடவே கூடாது.

ஹார்மோன் குறைவதால் எலும்பு தேய்வது வெளியே தெரியாது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகே தெரியும். எந்தக் கஷாயமும் அதைத் தடுத்ததாக ஆதாரமில்லை. கேழ்வரகு, எள், கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியன நம் கரையில் எளிதில் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து உணவுகள். பர்தாவைப் பேணும் சகோதரிகள் வீட்டு மாடியிலோ முற்றத்திலோ சிறிது நேரம் வெயில் படும்படி இருப்பதும், நாள்தோறும் நடப்பதும் அவசியம். பிறப்புறுப்பு வறட்சியால் இல்லறத்தில் வேதனை ஏற்பட்டால் அதைச் சகித்துக்கொள்வது பொறுமையில் சேராது. அதற்கு எளிய களிம்புகள் உள்ளன. பெண் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

நாட்டு மருத்துவமே வேண்டும் என்போருக்கும் நல்ல வாசல்கள் திறந்திருக்கின்றன. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்துத் தேறிய மருத்துவர்கள் நாடி பார்த்து, பிற நோய்களையும் விசாரித்து மருந்து தருவார்கள். மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்வதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்து, மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டம் தடுத்துள்ளது. ஆகவே அப்படி ஒரு விளம்பரத்தைக் காணும்போதே அதை அனுப்பியவர் சட்டத்தை மதிக்காதவர் என்று அறிந்துகொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி

இறுதியாக அந்தச் சீட்டுக்கு வருவோம். ஓராண்டுக்கு மேல் மாதவிடாய் நின்றிருந்து மீண்டும் உதிரம் வந்தால், அது ஹைளா, இஸ்திஹாளாவா என்பதில் மத்ஹபுகளின் விளக்கம் வேறுபடும். தொழுகைக்கும் நோன்புக்கும் உரிய தீர்ப்பை உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடமோ ஆலிமாவிடமோ கேட்டுப் பெறுங்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு உங்கள் வணக்கத்துக்கானது. உங்கள் கருப்பைக்கு அது தீர்ப்பாகாது. நின்ற பின் வரும் உதிரம், ஒரு சொட்டாயினும், கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். பெரும்பாலோருக்கு அது சாதாரணக் காரணமாகவே இருக்கும். எது என்பதை ஸ்கேனும் பரிசோதனையும் மட்டுமே சொல்லும். தொடக்கத்தில் கண்டறிந்தால் குணப்படுத்தக்கூடிய நோய் அது. ‘சூடு’ என்று சொல்லிக் கற்றாழையும் மோரும் குடித்து மாதங்களைக் கடத்துவதும், ஃபத்வா கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுவதும் ஒரே அளவு ஆபத்தானவை. அதே வாரத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள பெண் மருத்துவரிடமோ செல்லுங்கள்.

ஆண்களுக்கும் ஒரு சொல். மனைவி இரவில் எழுந்து மின்விசிறியைக் கூட்டினால் சலித்துக்கொள்ளாதீர்கள். உம்மா காரணமின்றிக் கடிந்துகொண்டால் வயதாகிவிட்டது என்று ஒதுக்காதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அவர்கள் இரண்டாம் முறை கேட்கும்படி வைக்காதீர்கள்.

மத்ரஸாவில் பெண்பிள்ளைகளுக்குப் பருவமடைதலின் சட்டங்களைக் கற்பிக்கிறோம். அவர்களுடைய தாய்மார்களுக்கு இப்பருவத்தின் சட்டங்களையும், மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகளையும் கற்பிக்கும் ஒரு வகுப்பை ஒவ்வொரு ஊரின் பெண்கள் மத்ரஸாவும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் நடத்த வேண்டும் என்பது எமது வேண்டுகோள். சீட்டில் பெயர் எழுத வேண்டியதில்லை. கேள்வியை மட்டும் எழுதுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் பூரண ஆரோக்கியத்தையும், அறிந்து நடக்கும் பாக்கியத்தையும் வழங்குவானாக. ஆமீன்.